ரீச் வரல, ரீச் வரலன்னு புலம்புறோமே, அந்த ரீச் எப்படித்தான் வேலை செய்யுது?

இன்ஸ்டால சேலை விக்கிறவங்க, வீட்ல பொடி ஊறுகாய் போட்டு விக்கிறவங்க, ஆரி ஒர்க் ப்ளவுஸ் தைக்கிறவங்க, ஆர்டருக்கு கேக் செய்யறவங்க, யார்கிட்ட பேச்சு கொடுத்தாலும் அஞ்சு நிமிஷத்துல இது வந்துரும்: "முன்ன மாதிரி இல்லைங்க, இப்பல்லாம் ரீச்சே வர்றதில்ல." அதுக்குக் கைவைத்தியம் சொல்றவங்களுக்கும் பஞ்சமே இல்ல. சாயங்காலம் ஏழு மணிக்குப் போடுங்க, முப்பது ஹேஷ்டேக் போடுங்க, டெய்லி மூணு ரீல் போடுங்க, ட்ரெண்டிங் பாட்டு வைங்க, ஐநூறு ரூபா கட்டி பூஸ்ட் பண்ணுங்க. இதுல கொஞ்சம் ஒரு காலத்துல உண்மையா இருந்தது, கொஞ்சம் பாதி உண்மை, மீதியெல்லாம் யாரோ யார்கிட்டயோ சொல்லி அப்படியே சுத்திட்டு இருக்கிறது.

ரீச் வருது போகுதுன்னு பேசுறோமே தவிர, அதை யார் முடிவு பண்றாங்க, எதை வச்சு முடிவு பண்றாங்க, காசு கட்டினா அதுல என்ன மாறுதுன்னு யாரும் உக்காந்து பொறுமையா சொல்றதில்ல. அதைத்தான் இங்க சொல்லப் போறேன். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ரெண்டையும் வச்சு சொல்றேன், ரெண்டுமே மெட்டா கம்பெனியோடது, உள்ள ஓடுற ஏற்பாடும் ஏறக்குறைய ஒண்ணுதான். உதாரணத்துக்கு ரெண்டு பேரை கற்பனை பண்ணிக்குவோம்: சேலம் பக்கத்துல இளம்பிள்ளையில தறிக்காரங்ககிட்ட சாஃப்ட் சில்க் எடுத்து இன்ஸ்டால விக்கிற ஒரு அக்கா, கும்பகோணத்துல சின்னதா பேக்கரி வச்சிருக்கிற ஒரு அண்ணன். இவங்க ரெண்டு பேருக்கும் வேணுங்கிறது வேற வேறங்கிறது போகப் போகத் தெரியும்.

8000 ஃபாலோயர் இருந்தா 8000 பேர் பார்ப்பாங்களா?

பார்க்க மாட்டாங்க. எல்லாக் குழப்பத்துக்கும் தாய்க்குழப்பம் இதுதான்.

ரீச்னா ஒரு போஸ்ட் எத்தனை வெவ்வேறு ஆளுங்க கண்ணுல பட்டதுங்கிற எண்ணிக்கை. ஒரே ஆள் நாலு தடவ பார்த்தாலும் ரீச் ஒண்ணுதான். வியூஸ்ங்கிறது வேற, எத்தனை தடவ ஓடுச்சுங்கிற கணக்கு, அந்த ஒரே ஆள் நாலு தடவ பார்த்தா வியூஸ் நாலு. இன்ஸ்டாகிராம் 2024ல இருந்து வியூஸைத்தான் முன்னாடி பெருசா காட்டுது, அதனால நிறைய பேர் வியூஸைப் பார்த்துட்டு இத்தனை பேர் பார்த்தாங்கன்னு நினைச்சுக்கிறாங்க.

இன்ஸ்டாகிராம் 2010ல ஆரம்பிச்சப்போ நீங்க போட்ட வரிசையிலயேதான் ஃபாலோயருக்குத் தெரியும், புதுசு மேல, பழசு கீழ. ஏழு மணிக்குப் போடுங்கங்கிற அட்வைஸ் அந்தக் காலத்து சரக்கு. 2016ல அந்த வரிசையை எடுத்துட்டாங்க. அப்போ அவங்க சொன்ன காரணம், சராசரியா ஒரு ஆள் தன்னோட ஃபீட்ல வர்றதுல 70 சதவீதத்தைப் பார்க்காமலே விட்டுடறாங்கன்னு. அதாவது நேர்வரிசையில காட்டின காலத்துலயும் எல்லாரும் எல்லாத்தையும் பார்க்கல, அப்போ எதைப் பார்க்காம விடறதுங்கிறதை நேரம் முடிவு பண்ணுச்சு, இப்போ மெஷின் முடிவு பண்ணுது. ஃபேஸ்புக்ல 2018 ஜனவரியில மார்க் ஜுக்கர்பெர்க் வெளிப்படையாவே அறிவிச்சார், இனி சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் போடறதுக்குத்தான் முன்னுரிமை, கம்பெனிங்க, பேஜுங்க போடறது குறையும்னு. ஃபேஸ்புக் பேஜ் வச்சிருக்கவங்க "முன்ன மாதிரி இல்ல"ன்னு சொல்றது பிரமை இல்ல, அறிவிச்சே செஞ்சது.

இதை ஒரு கல்யாணப் பந்தி மாதிரி நினைச்சுக்கோங்க. சமையல்கட்டுல நூத்துக்கணக்குல ஐட்டம் தயாரா இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தர் செஞ்சது, அதுல ஒண்ணு உங்களோடது. இலையில இடம் இருக்கிறது பதினஞ்சு இருபது ஐட்டத்துக்குத்தான். பரிமாறுறவர் ரொம்ப விவரமானவர், உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தரும் போன பந்தியில எதை வழிச்சு சாப்பிட்டாங்க, எதை ஓரமா ஒதுக்கினாங்க, எதைப் பக்கத்து இலைக்காரர்கிட்ட "இதைச் சாப்பிட்டுப் பாருங்க"ன்னு சொன்னாங்கங்கிறது எல்லாம் அவருக்கு மனப்பாடம். உங்க ஐட்டத்தை முதல்ல சில இலையில கொஞ்சம் வச்சுப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் போடுங்கன்னு குரல் வந்தா வாளி அடுத்த வரிசைக்குப் போகும், அங்கயும் கேட்டா அதுக்கடுத்த வரிசை. யாரும் தொடலன்னா வாளி சத்தமில்லாம உள்ள போயிடும். உங்க மேல அவருக்கு எந்தக் கோபமும் கிடையாது, அவர் வேலை சாப்பிடறவங்க எந்திரிச்சுப் போகாம பார்த்துக்கிறது, அவ்ளோதான். ஏன் எந்திரிக்கக் கூடாதுன்னா, நடுநடுவுல காசு கொடுத்தவங்க ஐட்டத்தையும் வைக்கணும்ல, வருமானமே அதுலதான்.

அந்தப் பரிமாறுறவருக்குப் பேருதான் அல்காரிதம். நிஜத்துல அது ஆளும் இல்ல, ஒரே ஒரு ரூலும் இல்ல. ஒவ்வொரு தடவ ஒருத்தர் ஆப்பைத் திறக்கும்போதும், அவருக்குக் காட்டக்கூடிய போஸ்ட் எல்லாத்தையும் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் "இவர் இதை முழுசா பார்ப்பாரா, லைக் போடுவாரா, யாருக்காவது அனுப்புவாரா"ன்னு வாய்ப்பைக் கணக்குப் போட்டு, அந்த மார்க்கை வச்சு வரிசைப்படுத்துற ஏற்பாடு. ஃபீட், ஸ்டோரி, ரீல்ஸ், எக்ஸ்ப்ளோர் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கணக்கு ஓடுதுன்னு இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2021லயே விளக்கி எழுதியிருந்தார்.

இதுவரைக்கும் சொன்னது: ஃபாலோயர் எண்ணிக்கைங்கிறது உங்களைப் பார்க்க ஒரு தடவ சம்மதம் சொன்னவங்க லிஸ்ட், அவ்ளோதான். ஒவ்வொரு போஸ்ட்டும் ஒவ்வொரு ஆளுக்கும் தனியா மார்க் வாங்கித்தான் கண்ணுல படுது.

மெஷின் எதுக்கு மார்க் போடுது

மார்க் போடறதுக்கு மெஷின் பார்க்கிற ஒவ்வொரு அடையாளத்துக்கும் சிக்னல்னு பேரு. நூத்துக்கணக்குல இருக்கு, ஆனா 2025 ஜனவரியில மொசேரி முக்கியமானது மூணுன்னு சொன்னார்: எவ்ளோ நேரம் பார்த்தாங்க, பார்த்தவங்கள்ல எத்தனை பேர் லைக் போட்டாங்க, பார்த்தவங்கள்ல எத்தனை பேர் அதை வேற யாருக்காவது டிஎம்ல (ஆப்புக்குள்ளயே அனுப்புற தனி மெசேஜ்) அனுப்பினாங்க. இதுல ஏற்கனவே ஃபாலோ பண்றவங்களுக்குக் காட்டும்போது லைக்குக்கு வெயிட் ஜாஸ்தி, உங்களைத் தெரியாத புது ஆளுங்களுக்குப் போகணும்னா அனுப்புறதுக்கு வெயிட் ஜாஸ்தி.

"பார்த்தவங்கள்ல எத்தனை பேர்"ங்கிறதை கவனிங்க. மொத்தமா எத்தனை லைக்குங்கிறது இல்ல, விகிதம். 200 பேர் பார்த்து 30 பேர் யாருக்கோ அனுப்பின ரீல், 5000 பேர் பார்த்து 40 பேர் அனுப்பின ரீலை விட மெஷின் கண்ணுக்கு நல்ல ரீல். சின்ன அக்கவுண்ட்டுக்கு இது நல்ல சேதி.

இளம்பிள்ளை அக்கா ரெண்டு ரீல் போடறாங்கன்னு வைங்க. ஒண்ணுல சேலை கட்டிட்டு ஸ்லோமோஷன்ல சுத்துறாங்க, பின்னாடி சினிமாப் பாட்டு, மேல "புது கலெக்ஷன்". இன்னொண்ணுல வெயில் வெளிச்சத்துல சேலையை விரிச்சு, முந்தி இப்படி, பார்டர் இவ்ளோ அகலம், ப்ளவுஸ் பிட் உள்ளேயே இருக்கு, கையில வச்சா வெயிட் இல்ல, 850 ரூபா, அஞ்சு கலர்னு முப்பது செகண்டுல சொல்லி முடிக்கிறாங்க. முதல் ரீலுக்கு சித்தி, பெரியம்மா, ஸ்கூல் ஃப்ரெண்ட் எல்லாம் ஹார்ட் போடுவாங்க. ரெண்டாவதை ஒருத்தங்க தன் நாத்தனாருக்கு அனுப்புவாங்க, "வளைகாப்புக்கு இது சரியா இருக்குமான்னு பாரேன், பட்ஜெட்லயும் வருது"ன்னு. வேணுங்கிறது அந்த அனுப்புறதுதான். ஒரு பொருளைப் பத்தி ரெண்டு பேர் தங்களுக்குள்ள பேசிக்க வேண்டிய விவரம் எல்லாம் உள்ள இருந்தா அனுப்புவாங்க, இல்லன்னா அனுப்ப என்ன இருக்கு?

இங்கதான் "விலைக்கு டிஎம் பண்ணுங்க"ங்கிற பழக்கம் வருது. கமெண்ட்ல பிரைஸ் பிரைஸ்னு கேட்டா என்கேஜ்மென்ட் ஏறும்னு ஒரு நம்பிக்கை. என்கேஜ்மென்ட்னா லைக், கமெண்ட், சேவ், ஷேர்னு பார்க்கிறவங்க செய்யற எல்லாத்துக்கும் சேர்த்துச் சொல்ற பேரு. கமெண்ட்டும் ஒரு சிக்னல்தான், மறுக்கல. ஆனா விலை தெரியாத சேலையை யாரும் நாத்தனாருக்கு அனுப்ப மாட்டாங்க, விலை கேக்கக் கூச்சப்படறவங்க (நம்மூர்ல அப்படிப்பட்டவங்கதான் நிறைய) பேசாம அடுத்த பேஜுக்குப் போயிடுவாங்க. என்னைக் கேட்டா இது சொந்தக் கடை ஷட்டரை நாமளே பாதி இறக்கி வைக்கிற வேலை.

இப்போ அந்தக் கைவைத்தியங்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தா எது நிக்கும் எது விழும்னு தானா தெரியும்.

காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கறது இருக்கிறதுலயே மோசம். ரூல்படி தப்புங்கிறது ஒரு பக்கம், மெஷின் முதல்ல சோதிச்சுப் பார்க்கிற ஆளுங்கள்ல அந்தப் போலி அக்கவுண்ட்டுங்களும் கலந்து வரும், அதுங்க எதையும் முழுசா பார்க்காது, யாருக்கும் அனுப்பாது, விகிதம் படுத்துரும். சேலை விக்கிறவங்களே குரூப் வச்சு ஒருத்தரை ஒருத்தர் ஃபாலோ பண்ணிக்கிறதும் கிட்டத்தட்ட இதே கதைதான், போலி இல்லைன்னாலும் அவங்க யாரும் உங்ககிட்ட சேலை வாங்கப் போறதில்லையே, அதோட மெஷின் உங்க அக்கவுண்ட்டை ரீசெல்லர்களுக்குப் பிடிச்ச அக்கவுண்ட்னு எழுதி வச்சுக்கும்.

ஹேஷ்டேக் ரீச்சைப் பெருசா கூட்டாதுன்னு மொசேரியே பல தடவ சொல்லிட்டார், போஸ்ட் எதைப் பத்தினதுன்னு மெஷினுக்குப் புரிய வைக்க கொஞ்சம் உதவும், அவ்ளோதான். அதைவிட உருப்படியானது, கேப்ஷன்லயும் பேருக்குப் பக்கத்துலயும் ஜனங்க தேடுற வார்த்தையையே எழுதறது. "எலிகன்ஸ் இன் எவ்ரி த்ரெட்"னு யாரும் தேட மாட்டாங்க, "இளம்பிள்ளை சாஃப்ட் சில்க்"னு தேடுவாங்க.

நேரத்தைப் பத்தி ஒரே வரி: உங்க ஆளுங்க முழிச்சிருக்கிற நேரத்துல போடுங்க, அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

ட்ரெண்டிங் பாட்டுல ஒரு சிக்கல் இருக்கு, பாதி பேருக்குத் தெரியறதில்ல. பிசினஸ் அக்கவுண்ட்டா மாத்தினா சினிமாப் பாட்டு நிறைய கிடைக்காது, ஏன்னா அந்த லைசென்ஸ் வியாபாரத்துக்குக் கொடுத்தது இல்ல. பாட்டு வச்சு நல்லா ஓடின ரீலை பூஸ்ட் பண்ணலாம்னு போனா காப்பிரைட் பாட்டு இருக்குன்னு அங்கயே நிறுத்திரும். விளம்பரம் பண்ற எண்ணம் இருந்தா உங்க சொந்தக் குரல்ல பேசிடுங்க, செலவும் இல்ல சிக்கலும் இல்ல.

ஷேடோபேன், அதாவது நமக்குச் சொல்லாமலே நம்ம அக்கவுண்ட்டை அமுக்கி வைக்கிறாங்கங்கிற பயத்தையும் இங்கயே முடிச்சிரலாம். ரீச் குறைஞ்சதும் "என்னை முடக்கிட்டாங்க"ன்னு முடிவு பண்ணிடறோம். செட்டிங்ஸ் உள்ள அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்னு ஒரு இடம் இருக்கு, உங்க போஸ்ட்டைப் புது ஆளுங்களுக்குப் பரிந்துரைக்கலாமா கூடாதான்னு அங்கயே போட்டிருக்கும். எல்லாம் சரின்னு காட்டினா யாரும் முடக்கல, போஸ்ட் மார்க் வாங்கல, அவ்ளோதான் விஷயம்.

பத்து லட்சம் வியூஸ், வித்தது நாலு கேக்

இப்போ கும்பகோணத்து அண்ணன் பக்கம் வருவோம். 2020 ஜூன் கடைசியில இந்தியாவுல டிக்டாக்கைத் தடை பண்ணாங்க, அடுத்த மாசமே இன்ஸ்டாகிராம் இங்க ரீல்ஸைக் கொண்டுவந்துச்சு. அதுல இருந்து ஃபாலோ பண்ணாத ஆளுக்கும் உங்க வீடியோ போறது சகஜம் ஆயிருச்சு. அண்ணன் ஒரு நாள் தேங்காய் பன் அடுப்புல இருந்து எடுக்கிறதை வீடியோ போட்டார், பத்து லட்சம் வியூஸ் போயிருச்சுன்னு வைங்க. பார்த்தவங்க யாரு? கோயம்புத்தூர்ல ஒருத்தர், துபாய்ல ஒருத்தர், பெங்களூர்ல நூறு பேர். கும்பகோணத்துல சாயங்காலம் டீக்கு பன் வாங்க வரக்கூடியவங்க அதுல எத்தனை பேர்? பேக்கரிக்கு வியாபாரம் அஞ்சாறு கிலோமீட்டருக்குள்ளதான், மெஷினுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே இல்ல, துபாய்க்காரர் ஊர் ஞாபகத்துல ரெண்டு தடவ பார்த்தா அதுக்கு அது போதும்.

இளம்பிள்ளை அக்காவுக்கு அப்படி இல்ல, கொரியர் போற ஊரெல்லாம் அவங்களுக்குக் கடைதான். அதனால முதல்ல கேக்க வேண்டிய கேள்வி "எப்படி ரீச் கூட்டறது" இல்ல, "நான் வித்தா வாங்கக்கூடியவங்க எங்க இருக்காங்க". தெருவுக்குள்ள வியாபாரமா, பின்கோடு இருக்கிற இடமெல்லாம் வியாபாரமா? மார்க்கெட்டிங் கிளாஸ் எடுக்கிறவங்க பாதி பேர் இந்தக் கேள்வியையே கேக்காம எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்துறாங்க, அதுல எனக்குக் கொஞ்சம் ஆத்திரம் உண்டு.

தெருவுக்குள்ள வியாபாரம் பண்றவங்களுக்கு இன்ஸ்டாவை விட முன்னாடி செய்ய வேண்டிய வேலை கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். காசு கிடையாது. கூகுள் மேப்ல "பக்கத்துல பேக்கரி"ன்னு தேடினா வர்ற லிஸ்ட் அதுல இருந்துதான் வருது. அங்க யார் மேல வர்றதுன்னு மூணு விஷயத்தை வச்சு முடிவு பண்றதா கூகுளே சொல்லுது: தேடினதுக்கும் கடைக்கும் பொருத்தம், தூரம், கடை எவ்ளோ பேர்போனது. தூரத்தை நாம மாத்த முடியாது. மத்த ரெண்டையும் மாத்தலாம், சரியான கேட்டகரி, திறக்கிற மூடற நேரம், புதுசா எடுத்த போட்டோ, முக்கியமா ரிவ்யூ. கேக் தேடற ஆள் பசியோட தேடறார், ரீல் பார்க்கிற ஆள் பொழுதுபோக்குக்குப் பார்க்கிறார், முதல் ஆளுக்கு முன்னாடி நின்னா வித்துரும்.

ஃபுட் ரிவ்யூ பண்றவங்களைக் கூப்பிடறதும் இதே கணக்குல வரும். அவரோட ஃபாலோயர் எத்தனைன்னு கேக்காதீங்க, அவங்க எந்த ஊர்க்காரங்கன்னு கேளுங்க, இன்சைட்ஸ்ல (அக்கவுண்ட் வச்சிருக்கவங்களுக்கு இன்ஸ்டா காட்டுற கணக்குப் பக்கம்) எந்த ஊர்ல இருந்து எத்தனை சதவீதம்னு வரும், ஸ்க்ரீன்ஷாட் கேட்டு வாங்கலாம், கொடுக்கலன்னா அதுவே பதில். காசு வாங்கிட்டுப் பேசினா விளம்பரம்னு வெளிப்படையா போடணும்னு விளம்பரத் தரக் கவுன்சில் 2021லயே வழிமுறை கொடுத்திருக்கு, ஆனா எத்தனை பேர் போடறாங்கன்னு நீங்களே பார்க்கறீங்க.

இந்தப் பகுதியில சொன்னது சுருக்கமா: வியூஸ், ரீச், வியாபாரம் மூணும் வேற வேற. முதல் ரெண்டு ஏறினா மூணாவது தானா ஏறும்னு ஒரு கட்டாயமும் இல்ல, பார்க்கிறவங்க வாங்கக்கூடியவங்களா இருந்தா மட்டும்தான் ஏறும்.

காசு கட்டினா என்ன நடக்குது

"பூஸ்ட் பண்ணேன், அஞ்சாயிரம் போச்சு, லைக் வந்துச்சு, ஆர்டர் வரல." இதைக் கேக்காத ஆளே இருக்க முடியாது. இதுல மெட்டா ஏமாத்தல, கேட்டதைக் கொடுத்துச்சு. என்ன கேட்டோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

விளம்பரத்துக்கு உள்ள நடக்கிறது ஏலம். ஒரு ஆள் ஆப்பைத் திறக்கிறார், ஒரு விளம்பரத்துக்கு இடம் காலியாகுது, அந்த ஆளை யார் யார் எல்லாம் குறி வச்சிருக்காங்களோ அவங்க விளம்பரம் எல்லாம் அந்த இடத்துக்குப் போட்டி போடும், கண் சிமிட்டுற நேரத்துல முடிஞ்சிரும். ஆனா அதிகக் காசு சொன்னவங்க ஜெயிக்கிற ஏலம் இல்ல இது. மூணு விஷயம் பார்ப்பாங்க: நீங்க எவ்ளோ கொடுக்கத் தயார், இந்த ஆள் நீங்க கேட்ட காரியத்தைச் செய்ய எவ்ளோ வாய்ப்பு இருக்கு, விளம்பரத்தோட தரம் எப்படி (ஆளுங்க மறைச்சு விடறாங்களா, பொய்யா கவர்ச்சி காட்டுதாங்கிற மாதிரி). முதல் ரெண்டையும் பெருக்கி, மூணாவதைக் கூட்டி, எது மேல வருதோ அது ஜெயிக்கும். அதனாலதான் சின்ன பட்ஜெட் வச்சிருக்கவங்களுக்கும் இடம் கிடைக்குது, சரியான ஆளுக்குச் சரியான சரக்கைக் காட்டினா பெரிய கடையை விடக் குறைஞ்ச விலையிலயே ஜெயிக்கலாம். அதே காரணத்தாலதான் தீபாவளிக்கு முன்னாடி அதே விளம்பரத்துக்குச் செலவு எகிறுது, தி.நகர் பெரிய ஜவுளிக்கடைங்க எல்லாம் இளம்பிள்ளை அக்கா குறி வச்ச அதே பொண்ணுங்களுக்குத்தான் ஏலம் கேட்டுட்டு நிக்கிறாங்க. ஆர்டரும் ஜாஸ்தி வரும், செலவும் ஜாஸ்தி ஆகும், தெரிஞ்சே இறங்கணும்.

"நீங்க கேட்ட காரியம்"னு சொன்னேன்ல, அதுக்குப் பேரு ஆப்ஜெக்டிவ். விளம்பரம் போடும்போது லைக்கா, ப்ரொஃபைல் வந்து பார்க்கணுமா, மெசேஜ் அனுப்பணுமா, வெப்சைட்ல வாங்கணுமான்னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நீங்க எதைத் தேர்ந்தெடுக்கறீங்களோ அதைச் செய்யற பழக்கம் இருக்கிற ஆளுங்களாப் பார்த்துத்தான் மெஷின் காட்டும். லைக் போடறதையே வேலையா வச்சிருக்கவங்க ஒரு கூட்டம் இருக்காங்க, அவங்க எதையும் வாங்க மாட்டாங்க, ஆனா எல்லாத்துக்கும் ஹார்ட் விடுவாங்க. லைக் வேணும்னு கேட்டீங்கன்னா மெஷின் நேரா அந்தக் கூட்டத்துக்கிட்டதான் கூட்டிட்டுப் போகும், ஏன்னா அங்கதான் சல்லிசா கிடைக்கும். அக்காவுக்கு வெப்சைட் இல்ல, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்ல, அப்போ வாட்ஸ்அப் மெசேஜ் வரணும்னு கேக்கறதுதான் அவங்களுக்குச் சரி.

போஸ்ட்டுக்குக் கீழ இருக்கிற பூஸ்ட் பட்டனும் விளம்பரம்தான், ஆனா சுருக்கின வடிவம். அதுல ப்ரொஃபைல், வெப்சைட், மெசேஜ்னு சில வழிதான் இருக்கும், யாருக்குக் காட்டணும்ங்கிறதை ஆட்டோமேட்டிக்ல விட்டா உங்க ஃபாலோயர் மாதிரி இருக்கவங்களைத் தேடிப் போகும். ஃபாலோயர்ல பாதி பேர் சொந்தக்காரங்களும் சக ரீசெல்லர்களும்னா அது யாரைத் தேடிப் போகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. விளம்பரத்தை முழுசா நாமளே அமைக்கிறதுக்கு மெட்டாவோட ஆட்ஸ் மேனேஜர்னு தனியா ஒண்ணு இருக்கு, முதல் தடவ பார்க்கும்போது பயமுறுத்தும், ரெண்டு நாள் உக்காந்தா பழகிரும், பேக்கரி அண்ணன் மாதிரி ஆளுக்குக் கடையைச் சுத்தி இத்தனை கிலோமீட்டருக்குள்ளன்னு வட்டம் போட அங்க வசதியா இருக்கும். கூடவே மெட்டா ஆட் லைப்ரரின்னு ஒரு பக்கம் இருக்கு, யார் வேணா பார்க்கலாம், உங்களை மாதிரி தொழில் பண்றவங்க இப்போ என்ன விளம்பரம் ஓட்டிட்டு இருக்காங்கன்னு பேரைப் போட்டுத் தேடினா வந்துரும்.

ஒரு விளம்பரம் ஆரம்பிச்சதும் யாருக்குக் காட்டினா வேலை நடக்குதுன்னு மெஷின் தேடிப் பார்க்கிற காலத்துக்கு லேர்னிங் ஃபேஸ்னு பேரு. ஒரு வாரத்துல சுமார் 50 ரிசல்ட் (நீங்க கேட்ட காரியம் 50 தடவ நடக்கிறது) கிடைச்சாத்தான் அது செட் ஆகும்னு மெட்டா சொல்லுது. நம்ம பட்ஜெட்டுக்கு அது எட்டாமப் போகலாம், பரவாயில்ல, ஆனா முதல் நாள் ராத்திரியே ஆர்டர் வரலன்னு படத்தை மாத்தி, அடுத்த நாள் ஏரியாவை மாத்தி, மூணாம் நாள் நிறுத்தி மறுபடி ஆரம்பிச்சா மெஷின் ஒவ்வொரு தடவையும் அ ஆவன்னால இருந்து ஆரம்பிக்கும். நூறு நூறு ரூபாயா அஞ்சு விளம்பரமா பிரிக்கிறதும் இப்படித்தான். ஒண்ணே ஒண்ணு ஓட்டுங்க, கொஞ்ச நாள் கை வைக்காம.

ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுங்க

இந்த இடத்துலதான் பல பேர் நஷ்டத்தை லாபம்னு நினைச்சுட்டு இருக்காங்க, அதனால கொஞ்சம் நிதானமா.

அக்கா நாளைக்கு 300 ரூபாய்னு அஞ்சு நாள் விளம்பரம் ஓட்டறாங்க. 1500 ரூபா. அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 270, ஆகமொத்தம் 1770. வாட்ஸ்அப்ல 40 பேர் கேட்டாங்க, 6 பேர் வாங்கினாங்க. 850 ரூபா சேலை, 6 வித்தா 5100. "1770 போட்டேன், 5100 வந்துச்சு"ன்னு சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தறிக்காரருக்குக் கொடுத்தது, பேக்கிங், கொரியர் எல்லாம் போக ஒரு சேலைக்கு அக்கா கையில நிக்கிறது 150 ரூபா. 6 சேலைக்கு 900. விளம்பரத்துக்குப் போனது 1770. கைக்காசு 870 போச்சு.

ஒரு ஆர்டர் வரவழைக்க ஆன செலவு 1770ஐ 6ஆல வகுத்தா 295 ரூபா, ஒரு சேலையில நிக்கிற லாபத்தைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இந்த 295தான் நீங்க பார்க்க வேண்டிய நம்பர், ரீச்சும் இல்ல வியூஸும் இல்ல.

இதைச் சரி பண்ண வழி எங்க இருக்கு? விளம்பரத்துல மட்டும் இல்ல. 40 பேர் கேட்டு 6 பேர்தான் வாங்கினாங்க, கேட்டவங்க வாங்கினவங்களா மாறினதுக்குக் கன்வெர்ஷன்னு பேரு. அதே 40 பேர்ல 12 பேர் வாங்கியிருந்தா 1800 லாபம், செலவு கழிச்சா முப்பது ரூபா மிச்சம், நஷ்டம் இல்ல. அந்த 6க்கும் 12க்கும் நடுவுல இருக்கிறது பெரும்பாலும் பதில் சொல்ற வேகமும் விவரமும்தான். காலையில கேட்டவங்களுக்கு ராத்திரி பதில் போட்டா அதுக்குள்ள அவங்க வேற பேஜ்ல வாங்கி முடிச்சிருப்பாங்க. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் 2018ல இருந்து இலவசமாவே கிடைக்குது, அதுல கேட்டலாக் போட்டு வைக்கலாம், அடிக்கடி கேக்கற கேள்விக்கு க்விக் ரிப்ளை வச்சுக்கலாம், பணம் வந்தது வராதது லேபிள் போட்டுப் பிரிச்சுக்கலாம். பணம் அனுப்பிட்டேன்னு ஸ்க்ரீன்ஷாட் வந்தா அதை நம்பாம உங்க பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்துட்டு பார்சல் கட்டுங்க, போலி ஸ்க்ரீன்ஷாட் போடறதுக்குன்னே ஆப் வச்சிருக்காங்க.

ரெண்டாவது தடவ வாங்கறவங்க

நஷ்டக் கணக்கை லாபக் கணக்கா மாத்தறது இவங்கதான். அந்த 6 பேர்ல 3 பேர் பொங்கலுக்கு ஆளுக்கு ரெண்டு சேலை வாங்கினா இன்னொரு 900 ரூபா லாபம், இதுக்கு விளம்பரச் செலவு சுத்தமா இல்ல. மொத்தம் 1800 ஆச்சு, போட்ட 1770 திரும்பிருச்சு. அதனால புது ஆளைத் தேடறதுக்குச் செலவழிக்கிற நேரத்துல கால்வாசியாவது ஏற்கனவே வாங்கினவங்களுக்குக் கொடுத்தா நல்லது.

இவங்களைப் பிடிச்சு வைக்க இன்ஸ்டாவை நம்ப முடியாது, அங்க மறுபடியும் மார்க் வாங்கித்தான் போகணும். வாட்ஸ்அப்ல அந்த வரிசைப்படுத்துற மெஷின் கிடையாது, அனுப்பினா போகும். ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. ஒரே மெசேஜை ஒரே நேரத்துல பல பேருக்குத் தனித்தனியா அனுப்புற ப்ராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், அதுல யார் உங்க நம்பரைத் தன் போன்ல சேவ் பண்ணியிருக்காங்களோ அவங்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் நம்பர் சேவ் ஆகியிருக்கணும். 200 பேருக்கு அனுப்பிட்டு ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலன்னு வருத்தப்படறவங்க நிறைய பேருக்கு நடந்தது இதுதான், மெசேஜ் போகவே இல்ல.

அதனால பார்சல்குள்ள ஒரு சின்ன சீட்டு வைங்க. நன்றி, மீண்டும் வருகனு அலங்காரமா அடிக்கிறதுக்குப் பதிலா, கடை பேரு, வாட்ஸ்அப் நம்பர், "இந்த நம்பரை இந்தப் பேர்ல சேவ் பண்ணிக்கோங்க, புதுச் சேலை வந்தா ஸ்டேட்டஸ்ல போடுவோம்"னு தெளிவா ஒரு வரி, முதல் தடவ எப்படித் துவைக்கணும்னு ரெண்டு வரி. துவைக்கிற முறை இருக்கிறதால சீட்டைத் தூக்கிப் போட மாட்டாங்க. அவங்க "சேலை நல்லாருக்கு"ன்னு மெசேஜ் போடும்போது நீங்களும் அவங்க பேரு, ஊரு, வாங்கின கலர் போட்டு சேவ் பண்ணிக்கோங்க. அதுக்கப்புறம் தினம் பத்து படம் அனுப்பி உயிரை வாங்காம வாரத்துக்கு ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கோங்க, நிறைய பேர் பிளாக் பண்ணி ரிப்போர்ட் அடிச்சா வாட்ஸ்அப் நம்பரையே முடக்கிரும், அப்போ அத்தனை நாள் சேர்த்த லிஸ்ட்டும் சேர்ந்து போயிரும்.